பேஸ்மென்ட் வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

தங்கச்சி,

பெரியகல்லாற்றிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, முதலாம் வகுப்பில் சேர்த்த மகன் இடைவேளையில் சுவரோரம் தனியே நிற்கிறான், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் ஐந்து வருடம் முன்பள்ளி நடத்திய நீங்களே அவனை வீட்டில் வைத்துப் படிப்பித்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இப்போது மட்டக்களப்பில், கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். காலை ஏழு மணி. சிவானந்தா பள்ளிக்கூடத்துக்குப் போகும் பொடியன்கள் வெள்ளைச் சட்டையோடு வாசலைக் கடந்து போகிறார்கள். ஒருவன் சைக்கிள் கைபிடியில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் விட்டுவிட்டான். பின்னால் வந்த மூன்று பேரும் நின்று சிரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதலில் சட்டம். ஜேர்மனியில் இருக்கும் என் மச்சாள் இதைக் கேட்டிருந்தால் முடியாது என்ற ஒரே சொல்லில் பதிலை முடித்திருப்பேன். அங்கே பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை கல்வி கட்டாயம் என்றாலும், வீட்டில் திருப்தியாகக் கற்பிக்கப்படும் பிள்ளைக்கு அதே சட்டம் விலக்குக் கொடுக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முகவரி எழுதி, வீட்டில் படிப்பிக்கப் போகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதலாம் திகதிக்கு முன், உங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களை நடத்தும் கல்விச் சபைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். சந்தேகப்பட இடமில்லாவிட்டால் சபை அதை ஏற்றுக்கொள்ளும். வருட நடுவில் நிறுத்தினாலும் கடிதம் கொடுத்துவிட்டே நிறுத்துங்கள். இதற்கென்று அரசு பணம் தராது. பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

கடிதத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் கொடுக்காமல் விட்டவள்.

நாங்கள் கனடாவுக்கு வந்தது 2007 ஆகஸ்டில். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவில் வாங்கியதென்று பின்னால் வந்த சொந்தக்காரர் ஒருவர் கச்சான் (நிலக்கடலை) அல்வா கொண்டு வந்து தந்திருந்தார். மகளுக்கு அப்போது ஏழு வயது. புதுப் பள்ளிக்கூடம், புது முகங்கள், வாய்க்கு ருசியாக ஊர்ச் சாமான் ஒன்றாவது இருக்கட்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு துண்டு வைத்துவிட்டேன். பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் வேகமாக ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பிடிபட்டது மகளின் பெயரும், 'சீரியஸ்' என்ற சொல்லும் மட்டும்தான். பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போனால், அலுவலகக் கதிரையில் மகள் அழுதுகொண்டு இருக்கிறாள், மேசையில் அல்வா உறையொன்றில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, பொலிஸ் பிடித்த கள்ளச் சாமான் மாதிரி. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை. மணி அளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மகளோ மறுநாள் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழமை போகட்டும் என்று விட்டேன். அது ஏழு மாதமானது.

படிப்பில் குறை வைக்கவில்லை. காலை ஒன்பதுக்குக் கொப்பியை விரித்தால் பன்னிரண்டு வரை. வாய்ப்பாடு பன்னிரண்டு வரைக்கும் பாடமாக்கினாள். தமிழ் எழுத்து முத்துப் போல வந்தது. ஆனால் எங்கள் பேஸ்மென்ட் யன்னல் தரை மட்டத்தில் இருந்தது. அதில் தெரிவதெல்லாம் கால்களும் சில்லுகளும்தான். மஞ்சள் பஸ்ஸின் சில்லு நிற்கும் நேரத்துக்கு அவள் கொப்பியை விட்டுவிட்டுப் போய் நிற்பாள். சப்பாத்துகளைப் பார்த்தே அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அடையாளம் வைத்திருந்தாள். மாசியில் கல்விச் சபையின் வருகைப் பதிவு அலுவலர் கதவைத் தட்டியபோது அவள் உடுப்பு அலுமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். வந்த மனிதர் நல்லவர். கத்தவில்லை, பயமுறுத்தவில்லை, கடித விடயத்தையே அவர்தான் எடுத்துச் சொன்னார். ஆனால் அந்த அலுமாரிக் கதவைத் திறந்ததும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

அம்மாவோ இன்றைக்கும் கேட்கிறார், "வீட்டில் வைத்துப் படிப்பித்ததில் என்ன பிழை மனே?" என்று. அவருக்கு அது விளங்காது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற ஊர். அதனால் அம்மாவின் வளவிலேயே பெரியம்மா வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா வீடு. இங்கே ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் அது நாலு வீட்டில் சாப்பிட்டு, ஏழு பிள்ளைகளோடு சண்டை பிடித்து, இருட்டிய பிறகுதான் தாயின் கண்ணில் படும். அங்கே வீட்டில் வைத்தால் நீங்களும் அவனும் நாலு சுவரும்தான். அவனுக்கு ஆங்கிலம் வராததைவிட, உங்களுக்கு வெளியே போகக் காரணமே இல்லாமல் போவதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. பள்ளிக்கூட வாசலில் மூன்றரைக்கு நிற்கும் தாய்மாரிடம்தான் நான் பஸ் வழியிலிருந்து பல் வைத்தியர் வரை எல்லாம் கேட்டறிந்தேன்.

அதற்காக வீட்டுக் கல்வியே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே களுவாஞ்சிகுடிக் குடும்பம் ஒன்றைத் தெரியும். தகப்பன் ஊரில் கணித ஆசிரியர். இரைச்சல் தாங்காத பையனை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் படிப்பித்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுப் பள்ளியில் விட்டார்கள். நன்றாக வந்தான். ஆனால் அந்த வீட்டில் ஒருவர் முழுநாளும் அதற்கென்றே இருந்தார், கார் இருந்தது, கிழமைக்கு இரண்டு நாள் நூலகத்திலும் நீச்சல் குளத்திலும் மற்ற வீட்டுக் கல்விப் பிள்ளைகள் இருந்தார்கள். பையனுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்து எடுத்த முடிவு அது. நான் எடுத்தது பயத்தில்.

மகன் பேசாமல் இருப்பதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். புது மொழிக்குள் விழுந்த பிள்ளைகள் பல மாதம் வாய் மூடிக் கேட்பது வழக்கம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜிம் கமின்ஸ், புது மொழி கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர். விளையாட்டுப் பேச்சு ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் செல்லும் என்பது அவர் கணக்கு. வீட்டு மொழி பலமாக இருந்தால் இரண்டாவதற்கும் அது உதவும் என்கிறார். அதனால் உங்கள் முன்பள்ளிக் கெட்டித்தனத்தைப் பின்னேரத்துக்கு வைத்திருங்கள்: தமிழில் கதை, தமிழில் கணக்கு. உடைந்த ஆங்கிலத்தில் அவனோடு பேசிப் பழக்க வேண்டாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர் இவனைப் பார்க்கிறாரா? புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளர் எந்த நாளில் வருவார்? தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். தடுப்பூசி அட்டையைப் பற்றி வந்த கடிதத்துக்குப் பயப்படாதீர்கள். 2010 இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் ஊசியும் கேட்பார்கள், நம் ஊர் அட்டையில் அநேகமாக அது இராது, போட்டுவிட்டால் முடிந்தது.

அதன் பிறகும் வீடுதான் என்று மனம் சொன்னால் செப்டம்பருக்கு முன் கூப்பிடுங்கள், கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம். நான் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்துதான் திரும்புவேன். அம்மா உங்களுக்கும் சேர்த்துக் கச்சான் அல்வா கட்டித் தருவதாகச் சொல்கிறார். வீட்டில் வைத்துச் சாப்பிடுங்கள்.