மேசை, நாற்காலி அப்புறம். முதலில் அறையை முடிவு செய்யுங்கள்

"கிருஷ்ணகிரியில் சொந்த வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்யப் போகிறேன். மாடி அறை காலியாக இருக்கிறது. 50,000 ரூபாய்க்குள் என்ன மேசை, நாற்காலி வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருங்கள். அந்த மாடி அறைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலுள்ள காவேரிப்பட்டணத்துக்காரன். 2020-இல் ஊருக்கு வந்தபோது நானும் மாடியில்தான் உட்கார்ந்தேன். மேற்குப் பக்கச் சுவர். காலையில் சுகமாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் சூட்டை உள்ளே இறக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் வீசும். ஒரு சித்திரை மாதம் பட்டது போதும் என்று கீழே வடக்குப் பார்த்த சின்ன அறைக்கு வந்துவிட்டேன். முன்பு அதில் நெல் மூட்டை அடுக்கியிருந்தோம். வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். மாடியை விட்டால் வழியில்லை என்றால் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் குடியேறுங்கள்.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். எதிரே இருந்தால் கண் கூசும்.

மேசைக்கு நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. கிரானைட் பட்டறைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். நான் 5 அடிக்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் கல் ஒன்று எடுத்தேன். சுமார் 45 கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்கொயர் பைப்பில் ஸ்டாண்டு வெல்டிங் செய்து வைத்ததும் அசையவே இல்லை. ஆனால் இரண்டு தவறு செய்தேன். பளபளவென்று பாலிஷ் போட்ட கருப்புக் கல்லை எடுத்தேன். ட்யூப்லைட் அப்படியே அதில் தெரிந்து கண்ணை உறுத்தியது, மவுஸும் சரியாக ஓடவில்லை. பாலிஷ் குறைந்த, மங்கலான கல்லைக் கேளுங்கள். அடுத்தது, முன்பக்க விளிம்பை உருட்டச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் மணிக்கட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அப்புறம் ஆளைக் கூப்பிட்டு வீட்டிலேயே தேய்த்து உருட்டினோம், வீடெல்லாம் கல்மாவு.

உயரம் முக்கியம். கடை மேசைகள் பெரும்பாலும் 30 அங்குலம். நான் 5 அடி 4 அங்குலம். அதில் உட்கார்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். ஸ்டாண்டு செய்யும்போதே கல்லோடு சேர்த்து 27 அங்குலம் வைத்துக்கொண்டேன். பாதம் தரையில் படிந்து, முழங்கை மடங்கும் உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு, ஒரு கை தூரத்தில். லேப்டாப் என்றால் கீழே நாலு புத்தகம் வைத்து, கீபோர்டைத் தனியாக வாங்குங்கள்.

நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெங்களூரில் காலி செய்யும் ஆபீஸ்களின் பழைய நாற்காலிகள் நன்றாகவே கிடைக்கும். நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

இன்டர்நெட் மோடம் ஹாலில் இருந்தால் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை தள்ளாடும். லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ், வீட்டுக்கு இன்வெர்ட்டர். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்தும் நாளை முன்னாடியே அறிவிப்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருந்தால் சும்மா இருப்பதாகத்தான் பெரியவர்கள் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் கதவில் ஒரு பச்சைத் துண்டு தொங்கவிடுவேன். துண்டு இருந்தால் மீட்டிங். அம்மா இப்போது காபியை வாசல் படியில் வைத்துவிட்டு, தட்டாமல் போய்விடுகிறார்.