சளி இருமல் 16 நாளாக விடவில்லை, டாக்டரிடம் போக வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஜலதோஷமும் காய்ச்சலும் நாலைந்து நாளில் போய்விட்டன, சளியோடு வரும் இருமல் மட்டும் 16 நாளாக விட்டபாடில்லை, சளி மஞ்சளாக இருக்கிறது, மற்றபடி வேலைக்குப் போய் வருகிறீர்கள். இவ்வளவுதான் என்றால் இன்றைக்கே அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவுதானா என்று ஒருமுறை சரிபார்க்காமல் சும்மா இருக்கவும் வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. ஒரே வருடத்தில் என் இருமலுக்கு வீணாக ஓடி, அப்பாவின் இருமலுக்கு ஓட வேண்டிய நேரத்தில் அசட்டையாக இருந்தவன். அந்த யோக்கியதையில்தான் சொல்கிறேன்.

என்னுடையது ஊரைக் கூட்டும் இருமல். பேச ஆரம்பித்தால் இருமல், சிரித்தால் இருமல், காலையில் எழுந்ததும் குளியலறையில் பத்து நிமிடம் காறித் துப்பினால்தான் அன்றைய பொழுதே தொடங்கும். ஒன்பதாம் நாள் பயந்து டாக்டரிடம் போனேன். அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்துக் கேட்டார், மூச்சு வாங்குகிறதா, மறுபடி காய்ச்சல் வந்ததா, சளியில் ரத்தம் உண்டா என்று கேட்டார், மூன்றுக்கும் இல்லை என்றதும் 'இது வைரஸ், தானாகப் போகும், இன்னும் ரெண்டு வாரம் ஆகலாம்' என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். ரெண்டு வாரமா? இன்னொரு இடத்துக்குப் போய் ஆன்டிபயாடிக் எழுதி வாங்கினேன். ஐந்து நாள் விழுங்கினேன், வயிற்றுப்போக்குதான் மிச்சம். இருமல் தன் பாட்டுக்கு மூன்றாவது வாரக் கடைசியில்தான் போனது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், இப்படி வரும் மார்புச்சளி இருமல் சராசரியாக 18 நாள் போல நீடிக்குமாம். நாமோ ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம், எட்டாம் நாள் பதற்றம் வருவது அதனால்தான். வைரஸ் எப்போதோ போயிருக்கும், ஆனால் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டுப் போயிருக்கும், சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள் திரும்ப முளைத்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். அதுவரை தேங்கும் சளியை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கும் ஒரே வழி இருமல்தான்.

சளியின் நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நானும் அதைப் பார்த்துத்தான் ஓடினேன். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது, மஞ்சளும் பச்சையும் அங்கிருந்து வருபவை, வைரஸ் தொற்றிலும் அப்படித்தான் வரும். ஆனால் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு, இளஞ்சிவப்பாக நுரை, ரத்தம், இந்த மூன்றில் எதைக் கண்டாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

இப்போது அப்பா கதை. வயது 71. அவர் அதிகம் இருமவே இல்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. என் இருமலோடு ஒப்பிட்டால் அது இருமலே இல்லை, தொண்டையைக் கனைப்பது போல எப்போதாவது ஒன்று. காய்ச்சலும் 99.5 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் பேப்பரை மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கினார், ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் இரண்டு தடவை கேட்டார். 'மூச்சு வாங்குதாப்பா?' என்றால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லடா, வயசாச்சுல்ல' என்பார். நானும் விட்டுவிட்டேன். பார்க்க வந்த என் தங்கைதான் அவர் தூங்கும்போது எதிரே உட்கார்ந்து, சட்டைப் பை மேலே ஏறி இறங்குவதை கடிகாரம் வைத்து எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு 32. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 91 சதவீதம்தான். அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தார்கள், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து வந்தார், இப்போது நன்றாக இருக்கிறார்.

ஆகவே இருமல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூச்சையும் ஆளையும் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். 30 என்றால் உடனே மருத்துவமனை. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60, இதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ அதுவும் அவசரம்தான். இவ்வளவு பயமுறுத்தாத, ஆனால் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டு, தெம்பு வந்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி காய்ச்சல் அடித்து இருமலும் கூடுவது. வைரஸ் போன இடத்தில் பாக்டீரியா வந்து உட்கார்ந்திருக்கலாம், அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், எனக்கு மாதிரி வீணாக இல்லாமல்.

இனி நாள் கணக்கு. வேறெந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் மூன்று வாரம் தாண்டினால் போய்க் காட்டிவிடுங்கள், எட்டு வாரம் தாண்டினால் அதை நாள்பட்ட இருமல் என்றே சொல்கிறார்கள், அப்போது ஆஸ்துமா, மூக்கிலிருந்து பின்பக்கமாக இறங்கும் சளி, நெஞ்செரிச்சல் என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் காசநோய் பரவலாக உள்ள பகுதியில் இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது அது இருந்திருந்தால், மூன்று வாரக் கணக்கு செல்லாது. இரண்டு வாரமே போதும், சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. உடம்பு இளைக்கிறது, இரவில் வேர்த்து நனைகிறது, சாயங்காலமானால் லேசாகச் சூடு என்றால் யோசிக்கவே வேண்டாம். உங்களுக்கு 16 நாள் ஆகிறது, அதனால் இதை நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த நாள் கணக்கை எல்லாம் நம்பிக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே போகலாம். சிகரெட் பிடிப்பவர் 'எனக்கு எப்பவும் இருக்கும் இருமல்தான்' என்பார். எப்பவும் இருக்கும் இருமல் மாறியிருந்தால் அதுவே போவதற்குக் காரணம்.

இருமல் சிரப்பைப் பற்றி ஒரு வரி: பெரிதாக ஒன்றும் செய்யாது, சிறு குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. தேன் தொண்டைக்கு இதம், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் அதுவும் ஆகாது.

போவதென்று முடிவெடுத்தால் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, கூடுகிறதா குறைகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே (எனலாபிரில், ராமிபிரில் வகை) வறட்டு இருமலைக் கொண்டுவரும், நாமாகச் சொன்னால்தான் அவருக்கும் உடனே பொறி தட்டும்.

அப்புறம் ஒன்று, உங்கள் மூச்சை நீங்களே எண்ணிக்கொண்டால் சரியாக வராது, கவனித்த உடனே அது மாறிவிடும். வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள், நீங்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து உங்களுக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் எண்ணட்டும்.