நின்றுபோன பேச்சை மீண்டும் தொடங்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

அரசுகளுக்கும் ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கும் இடையே முறிந்துபோன பேச்சுவார்த்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

"விரைவில் மீண்டும் பேச்சு" என்று செய்தி வருகிறது. அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. அந்த இடைவெளியில் என்னதான் நடக்கிறது?
– வாசகர், காரைக்குடி

பாதி வேலை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. புதிதாகப் பேச ஆரம்பிப்பதைவிட முறிந்ததை ஒட்டவைப்பது கடினம். இரண்டு தரப்பின் கையிலும் எதிராளி எதையெல்லாம் மீறினான் என்ற பட்டியல் தயாராக இருக்கும். அதனால் முதலில் பெரிய தலைகள் வருவதில்லை. தரப்புக்குச் சிலர் மட்டும், நிருபர்கள் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்து, எதைப் பேசுவது, எதைப் பேசக்கூடாது என்பதை மட்டும் பேசுவார்கள்.

கொலம்பியாவைப் பாருங்கள். அரசுக்கும் ஃபார்க் என்ற கெரில்லா இயக்கத்துக்கும் 1999-ல் தொடங்கிய பேச்சு 2002 பிப்ரவரியில் முறிந்தது. அந்தப் பேச்சுக்கு 12 தலைப்புகள். நாட்டின் பொருளாதாரம் முழுவதும் அதற்குள் வந்துவிட்டது. அதோடு சுமார் 42,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பிலிருந்து ராணுவத்தை விலக்கியும் கொடுத்தார்கள். பேச்சு நகராமலிருக்க, இயக்கம் அங்கே பலம் பெருக்கிக்கொண்டது. பத்து வருடம் கழித்து, 2012 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானாவில் இரகசியமாக உட்கார்ந்தபோது அந்த இரண்டையுமே செய்யவில்லை. ஆறு மாதம் பேசி, ஆகஸ்ட் 26-ல் ஒரு சின்ன ஒப்பந்தம் போட்டார்கள். அதில் தலைப்புகள் ஆறே ஆறு: நிலம், அரசியலில் பங்கு, சண்டையை முடிப்பது, போதைப்பொருள், பாதிக்கப்பட்டவர்கள், இவற்றை நிறைவேற்றுவதும் சரிபார்ப்பதும்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொன்றும் எழுதிக்கொண்டார்கள். ஒரு தரப்புக்கு அதிகபட்சம் 30 பேர். மேசையில் உட்காருபவர்கள் 10 பேர் வரை. அதில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் 5 பேர் வரை. அற்பமாகத் தோன்றும். ஆனால் "யார் பேச்சு செல்லும்" என்பது எழுத்தில் இல்லாவிட்டால், ஒருநாள் ஒத்துக்கொண்டதை மறுநாள் "அவருக்கு அந்த அதிகாரமே இல்லை" என்று மறுத்துவிடலாம்.

பிறகு காட்டிலிருப்பவரை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பிடிவாரண்டை நிறுத்திவைக்க வேண்டும். எந்த நாளில், எந்தப் பகுதியில் படை நடவடிக்கை இருக்காது என்று உறுதி வாங்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு போய் அழைத்துவர வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் தேதி தள்ளிப்போகும்.

செய்தியை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அரசு மட்டும் அறிவித்தால் காத்திருங்கள். இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, தலைப்புகளோடு கூட்டறிக்கை வந்தால் காரியம் நகர்கிறது.

பேச்சு முறிந்த பிறகு, முன்பு போட்ட கையெழுத்தெல்லாம் செல்லுமா, செல்லாதா?
– வாசகி, பள்ளத்தூர்

மீண்டும் தொடங்கும்போது முதல் சண்டையே இதில்தான் வரும். இயக்கம் "விட்ட இடத்திலிருந்து" என்னும். புது அரசு "முதலிலிருந்து" என்னும்.

பிலிப்பைன்ஸ் அரசும், கம்யூனிஸ்ட் ஆயுத இயக்கத்தின் சார்பில் பேசும் தேசிய ஜனநாயக முன்னணியும் 1992-ல் ஹேக் கூட்டறிக்கை, 1995-ல் பேச்சாளர்களுக்கான பாதுகாப்பு ஒப்பந்தம், 1998-ல் மனித உரிமை ஒப்பந்தம் என்று வரிசையாகப் போட்டன. நடுவே பலமுறை முறிந்தது. 2016 ஆகஸ்டில் நார்வே தலைநகர் ஆஸ்லோவில் மறுபடி கூடியபோது செய்த முதல் காரியம், இந்தப் பழைய தாள்கள் செல்லும் என்று இரு தரப்பும் எழுதித் தந்ததுதான்.

அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தலைமறைவாக இருக்கும் இயக்க ஆலோசகர்கள் புனைபெயரில் அடையாளச் சான்று வைத்திருந்தார்கள். உண்மையில் யார் யார் என்பதற்கான படங்கள் பிளாப்பி வட்டுகளில் சங்கேதமாக மாற்றப்பட்டு, நெதர்லாந்தில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தன. 2011-ல் சரிபார்க்க எடுத்தபோது வட்டுகளைத் திறக்கவே முடியவில்லை. கைதானவர் ஆலோசகர்தான் என்று நிரூபிக்க வழியில்லாமல் போய், பேச்சே தடைப்பட்டது. பட்டியலை இரண்டு மூன்று வடிவங்களில், இரண்டு மூன்று நம்பகமான கைகளில் வைப்பதும், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் எவ்வளவு அவசியம் என்று இதிலிருந்து தெரிகிறது. 2017 நவம்பரில் அந்தப் பேச்சை அரசு முறித்தது. 2023 நவம்பரில் ஆஸ்லோவில் மறுபடி கூட்டறிக்கை வந்தது.

முதலில் ஆயுதத்தைக் கீழே போடட்டும், பிறகு பேசலாம் என்பது நியாயம்தானே?
– வாசகர், புதுவயல்

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பேச்சுக்குப் பூட்டுப் போடுவது இந்த நிபந்தனைதான். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் 1994 ஆகஸ்ட் 31-ல் போர்நிறுத்தம் அறிவித்தது. ஆயுத ஒப்படைப்பு தொடங்கினால்தான் எல்லாரும் கூடும் பேச்சில் இடம் என்று பிரிட்டிஷ் அரசு நின்றது. இழுபறி பதினேழு மாதம் நீடித்தது. 1996 பிப்ரவரி 9-ல் லண்டன் துறைமுகப் பகுதியில் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் அமெரிக்கரான ஜார்ஜ் மிட்செலின் குழு, "முன்னால் வேண்டாம், பின்னால் வேண்டாம், பேசும்போதே ஒப்படைக்கட்டும்" என்று பரிந்துரைத்திருந்தது. 1997 ஜூலையில் போர்நிறுத்தம் திரும்பியது. செப்டம்பரில் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான சின் ஃபெயின் கட்சி மிட்செலின் வன்முறை மறுப்பு விதிகளை ஏற்று உள்ளே வந்தது. 1998 ஏப்ரல் 10-ல் உடன்பாடு. ஆயுத ஒப்படைப்பு முடிந்ததோ 2005-ல்!

இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் இதை இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கி ஒப்பந்தப்படி அங்கே போராடிய இயக்கம் 840 ஆயுதங்களைத் தர வேண்டும், 3,000 போராளிகளைக் கலைக்க வேண்டும். இந்தோனேசியா படையைக் குறைத்து 14,700 ராணுவத்தினரையும் 9,100 காவலரையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆயுதம் வரும் அளவுக்குப் படை போகும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தலாம். இரு தரப்பும் மானத்தோடு இறங்கிவர இது வழிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரே பெரிய வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். பேச்சு நின்றுபோனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து முடித்துவைப்பார். இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாடுகள்?
– வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் பெரியவர் முடித்துவைத்த பிறகு பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது. மீறினால் கோர்ட் இருக்கிறது. இங்கே இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் கோர்ட் கிடையாது. அந்தக் காலி இடத்தைத்தான் வெளியார் நிரப்புகிறார்கள்.

மூன்று வேலைகள் உண்டு, மூன்றும் வேறு வேறு. கூட்டத்தைக் கூட்டி, தூது போய், குறிப்பெழுதுபவர் அனுசரணையாளர். சொன்னதைச் செய்யாவிட்டால் வெளிப்படையாகக் கேட்பது உத்தரவாத நாடு. களத்தில் நின்று மீறலை எண்ணுபவர் கண்காணிப்பாளர். மூன்றையும் ஒருவர் தலையில் கட்டினால், குற்றம் சொன்ன மறுநாளே சமாதானம் பேச வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவரை இரு தரப்பும் சந்தேகப்படும்.

தெற்கு பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களுக்குச் சுயாட்சி கேட்ட மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு 2008 ஆகஸ்ட் 5-ல் கோலாலம்பூரில் கையெழுத்து என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, சண்டை வெடித்தது. மலேசியா அனுசரணையாளராகத் தொடர்ந்தது. ஆனால் 2009-ல் ஜப்பான், பிரிட்டன், துருக்கி, சவூதி அரேபியா ஆகிய நான்கு நாடுகளும் நான்கு தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த தொடர்புக் குழு ஒன்றைக் கூடுதலாக அமைத்த பிறகே பேச்சு நிலைத்தது. 2014 மார்ச் 27-ல் முழு ஒப்பந்தம் வந்தது. அரசியல் சாசன வழக்கறிஞரை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்த ஆகஸ்டில்தான் எல்லாரும் கற்றார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கிச் சூடு நடந்தால், அத்தோடு முடிந்ததுதானே?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

முடிய வேண்டியதில்லை. சம்பவம் நிச்சயம் நடக்கும் என்று வைத்துக்கொண்டு, நடந்த அன்றே யார் யாருக்கு போன் செய்வது, யார் விசாரிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

2014 நவம்பர் 16-ல் கொலம்பிய ஜெனரல் ஒருவரை ஃபார்க் பிடித்துவைத்தது. அதிபர் சாந்தோஸ் பேச்சை நிறுத்திவைத்தார், முறிக்கவில்லை. உத்தரவாத நாடுகளான கியூபாவும் நார்வேயும் இடையே ஓடின. நவம்பர் 30-ல் ஜெனரல் விடுதலையானார், டிசம்பரில் பேச்சு திரும்பியது. இத்தனைக்கும் அப்போது இருதரப்புப் போர்நிறுத்தமே கிடையாது.

2015 ஜனவரி 25-ல் தெற்கு பிலிப்பைன்ஸின் மமாசபானோவில் நடந்தது இன்னும் மோசம். தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்கப் போன பிலிப்பைன்ஸ் சிறப்புக் காவல் படையினர் 44 பேர் கொல்லப்பட்டார்கள். மோரோ முன்னணியின் பகுதிக்குள் போகுமுன் கூட்டு நடவடிக்கைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. போர்நிறுத்தக் குழுவினர் களத்துக்குப் போய்ச் சண்டையை விலக்கியதால் பேச்சு பிழைத்தது. ஆனால் சுயாட்சிச் சட்டம் 2018 ஜூலை வரை தள்ளிப்போனது.

பேச்சு முறிந்தாலும் தூதர்கள் பத்திரமாகத் திரும்ப ஏற்பாடு வேண்டும். 2019 ஜனவரியில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் காவல் பயிற்சிப் பள்ளியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, கியூபாவிலிருந்த, கொலம்பியாவின் இன்னொரு ஆயுத இயக்கமான இ.எல்.என்.னின் தூதுக்குழுவை ஒப்படைக்கும்படி கொலம்பியா கேட்டது. முறிந்தால் எப்படித் திருப்பி அனுப்புவது என்று 2016-லேயே எழுதிய நெறிமுறை இருக்கிறதென்று கியூபா மறுத்துவிட்டது. அநியாயமாக உயிர் இழந்த பயிற்சிக் காவலர்களின் குடும்பங்களுக்கு அது எத்தனை கசப்பு என்று சொல்லத் தேவையில்லை. என்றாலும் 2022 நவம்பரில் வெனிசுலாவின் கராகஸில் பேச்சு தொடங்கியபோது மேசைக்கு வந்தது அந்தத் தூதுக்குழுவின் தலைவரேதான்.

இலங்கையில் 2006-ல் மறுபடி பேசினார்களே, ஏன் நிற்கவில்லை?
– வாசகர், தேவகோட்டை

இந்தக் கேள்வியை மனம் கனக்காமல் எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம். 2002 பிப்ரவரி 22-ல் போர்நிறுத்த உடன்பாடு. செப்டம்பர் முதல் 2003 மார்ச் வரை ஆறு சுற்று. வாஷிங்டன் நன்கொடையாளர் கூட்டத்துக்கு அழைக்கப்படாததையும், மீள்குடியேற்றம் நடக்காததையும் சொல்லி 2003 ஏப்ரல் 21-ல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். அக்டோபர் 31-ல் இடைக்கால நிர்வாக வரைவைக் கொடுத்தார்கள். நாலே நாளில் குடியரசுத் தலைவர், பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளைப் பிரதமர் தரப்பிடமிருந்து எடுத்துக்கொண்டார். அரசுத் தரப்பில் யாருக்கு அதிகாரம் என்பதே தெரியாததால் அனுசரணையாளரான நார்வே ஒதுங்கி நின்றது.

2006 பிப்ரவரியில் ஜெனீவாவில் கூடியபோது போர்நிறுத்தத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பது பற்றி மட்டுமே பேசினார்கள். அரசியல் தீர்வு மேசைக்கு வரவில்லை. ஏப்ரலில் அடுத்த சுற்று நடந்திருக்க வேண்டும். கிழக்குத் தளபதிகளை வன்னிக்கு எப்படி அழைத்துப்போவது, வானிலா கடலிலா, கடற்படை எவ்வளவு தள்ளி வரலாம் என்ற தகராறில் அது நின்றுபோனது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. உடனே ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் பெரும்பகுதி அவர்கள்தான். ஜூனில் ஆஸ்லோ வரை போயும் இரு தரப்பும் முகம் பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டது. அக்டோபர் ஜெனீவாப் பேச்சு அதைத் திறக்கும் விஷயத்திலேயே முட்டி நின்றது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு அரிசியும் மருந்தும் போகும் சாலை அது. அதைத் திறப்பதை பேரம் பேசும் பொருளாக்காமல், பேச்சுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்தே விலகியது.

எங்கள் ஐயா காலத்தில் பர்மாவில் கொண்டுவிற்றவர்கள் நாங்கள். அங்கே பேச்சு மீண்டும் தொடங்குமா?
– ஆச்சி ஒருவர், கோட்டையூர்

ஆச்சி, 2015 அக்டோபர் 15-ல் எட்டு ஆயுதக் குழுக்கள் நாடு தழுவிய போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2018 பிப்ரவரியில் இன்னும் இரண்டு சேர்ந்தன. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அரசின் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்பதே வழக்காகிவிட்டது. கையெழுத்திட்ட குழுக்களிலேயே சில ராணுவத்தோடு சண்டையில் இறங்கின. அதனால் பழைய உடன்பாட்டைத் தூசி தட்டி எடுத்தால் மட்டும் அங்கே பேச்சு தொடங்காது. அந்தக் குழுக்களும் ராணுவமும் ஆட்சி இழந்த தரப்பும், யார் யாரோடு பேசுவது என்பதையே முதலில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.