தூக்கு வரை உயர்ந்த தண்டனையும் குறையாத குற்றமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்பவர்களுக்குத் தூக்கு வரை கொடுக்கலாம் என்று 2019ல் போக்சோ சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் செய்தித்தாளைத் திறந்தால் அதே செய்திகள்தான். இந்தத் தண்டனையும் போதவில்லையா? நாலு பேரை நடுத்தெருவில் வைத்துத் தண்டித்தால்தான் பயம் வருமா? என் மகளோ, தண்டனை என்பதே அரசாங்கம் செய்யும் பழிவாங்கல் என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையும் என்று கணக்குப் போடும்போது சிலரை மறந்துவிடுகிறோம். புகார் கொடுக்க வேண்டிய தாய், சாட்சி சொல்ல வேண்டிய அத்தை, தீர்ப்பு எழுத வேண்டிய நீதிபதி. தண்டனை இவர்கள் மனம் ஒப்பும் அளவைத் தாண்டிவிட்டால், குற்றவாளி தப்பிக்க இவர்களே வழிவிட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்து இதை நூறாண்டுக்கும் மேலாக அனுபவித்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு முழுக்கத் தூக்குக்குரிய குற்றங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை எடுத்தாலும், வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் திருடினாலும் தூக்கு. குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. திருடுபோன பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பில் எழுதி ஆளைக் காப்பாற்றினார்கள். 1827ல் வீட்டுத் திருட்டுக்கான வரம்பு 5 பவுண்டாக, அதாவது 100 ஷில்லிங்காக, உயர்ந்தது. ஜூரிகளின் மதிப்பீடும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு உயர்ந்தது. கடைசியில், 1830ல், வங்கிக்காரர்களே நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு இருப்பதால் யாரும் வழக்குத் தொடர முன்வருவதில்லை, எங்கள் சொத்துக்குப் பாதுகாப்பில்லை, தூக்கை எடுத்துவிடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. பணத்தைப் பறிகொடுத்தவர்களே தண்டனையைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். லண்டனுக்கு முறையான காவல்படை வந்ததே 1829ல்தான். அதுவரை குற்றவாளியைத் தேடிப் பிடித்து வழக்கு நடத்தும் செலவு பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுந்தது.

இப்போது நம் போக்சோவுக்கு வருவோம். 2019 திருத்தத்தில், கடுமையான பாலியல் வன்கொடுமைக்கான 6வது பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டானது, அதிகபட்சம் தூக்கு. 20 ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து அவள் கர்ப்பமானால் அதுவும் இதே பிரிவில்தான் வரும். ஆறு வயதுக் குழந்தையைச் சிதைத்தவனுக்கும் இந்தப் பையனுக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே. அந்தப் பெண்ணே கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று பிறழ் சாட்சியாகிறாள், வழக்கு விடுதலையில் முடிகிறது. பெண் பின்னாளில் அந்த ஆணோடே குடும்பம் நடத்திய ஒரு வழக்கில், குற்றம் நிரூபணமான பிறகும், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், முழு நீதி வழங்கத் தனக்கு மட்டும் உள்ள அரசியல் சாசனத்தின் 142வது பிரிவு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த மனிதரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. அது மனிதத்தன்மையுள்ள முடிவு. ஆனால் கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

உண்மையான கொடுமை நடக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கான போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். அப்பா, மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்குச் சோறு போடுகிறவரையே 20 ஆண்டு உள்ளே அனுப்ப வேண்டும் என்றால் ஒரு தாய் எத்தனை பேரை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாஜிஸ்திரேட்டிடம் குழந்தை கொடுத்த வாக்குமூலம் மட்டும் தண்டனைக்குப் போதாது. விசாரணையில் மறுபடி சாட்சி சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட மாதங்களில்தான் உறவுக்காரர்கள் சமரசம் பேசுகிறார்கள்.

இதைவிட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. கொலைக்கும் வன்கொடுமைக்கும் ஒரே தண்டனை என்றால், ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விட அந்த மனிதனுக்கு என்ன காரணம் இருக்கிறது? 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு, சட்டத்தை மாற்ற ஆலோசனை சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த 2013 ஜனவரியிலும், பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கைப் பரிந்துரைக்க மறுத்தது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பழிவாங்குகிறவர் தன் வலியின் அளவுக்கு அடிப்பார், யார் கிடைத்தாலும் அடிப்பார். தண்டனை அப்படி இருக்க முடியாது. செய்தவர் இவர்தான் என்று நிரூபிக்க வேண்டும், செய்ததன் அளவுக்கு மேல் போகக் கூடாது, பாதிக்கப்பட்டவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அதை விதிக்க வேண்டும். "உனக்கு நடந்தது அநியாயம், தப்பு உன்னுடையது இல்லை" என்று ஊரறிய ஒரு குழந்தைக்குச் சொல்லத் தீர்ப்பைத் தவிர நம்மிடம் வேறு வழியில்லை. குற்றம் குறைகிறதோ இல்லையோ, அந்த ஒரு காரணத்துக்காகவே தண்டனை வேண்டும் என்பேன். பத்தாண்டுத் தண்டனையும் அதைச் சொல்லும். விடுதலையில் முடிகிற தூக்கு வழக்கு சொல்லாது.

இனி யாரிடமாவது கோரிக்கை வைப்பதென்றால் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேளுங்கள். வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35வது பிரிவு. தடய அறிவியல் அறிக்கை வரவில்லை என்று வாய்தா கேட்டுக் கேட்டே இந்தக் கெடு தவறிப்போகிறது. வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு துணை நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். சாப்பாடு, உடை, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி உதவியையும் அந்தக் குழு பரிந்துரைக்கலாம். தீர்ப்புக்குக் காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு தர சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் துணை நபர் இருக்கிறார், எத்தனை பேருக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெயர்கள் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டு ஒரு மனுப் போடுங்கள். மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.