கூடாரத்துக்குள் கங்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து சாரணர் படையில் இருக்கிறேன். ஜனவரியில் ஊட்டியில் ஒரு பெரிய முகாமுக்குப் போயிருந்தேன். தமிழ்நாடு முழுக்க இருந்து பையன்கள் வந்திருந்தார்கள். மைதானம் பூராவும் கூடாரம். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர்தான் போனோம் என்பதால், தெற்கு மாவட்டப் பையன்கள் ஆறு பேரோடு சேர்த்து ஓர் அணியாக்கி, என்னை அணித் தலைவனாகப் போட்டார்கள்.

முதல் நாள் ரொம்ப நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் இரவு குளிர் தாங்க முடியாமல், சமைத்த அடுப்பிலிருந்து கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளி வந்து கூடாரத்துக்குள் வைத்து, வாசல் துணியையும் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அப்படிச் செய்யவே கூடாது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். நான் சட்டியை வெளியே எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பெரிய சண்டை. “உனக்குக் குளிர் பழக்கம், நாங்க விறைச்சுச் செத்தா உனக்கென்ன” என்றான் ஒருவன். கடைசி நாள் வரை யாரும் சரியாகப் பேசவில்லை. என் வகுப்புப் பையனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான். எல்லோரும் நட்புக்கு அடையாளமாக ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் வரவில்லை. போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஆசிரியரிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய முகாமை நான் கெடுத்துவிட்டேனா? படையிலிருந்து விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீ எதையும் கெடுக்கவில்லை. அந்தக் கூடாரத்தில் படுத்த எட்டுப் பேரும் மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்ததற்கு நீதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம். உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் மறுநாள் எழாமல் போனது உண்டு. படித்தவர்கள், வயது வந்தவர்கள், சுற்றுலா வந்த இடத்தில்.

“புகையே இல்லையே, அப்புறம் என்ன?” என்று அந்தப் பையன்கள் கேட்டிருப்பார்கள். அந்த இரும்புச் சட்டியின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. விறகு எரியும்போது புகை வரும், கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து வெளியே ஓடிவிடுவான். கங்கு அப்படிச் செய்யாது. சிவப்பாக, அழகாக, சத்தமில்லாமல் கிடக்கும். போதுமான காற்று கிடைக்காத இடத்தில் அது கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், கிறுகிறுப்பு, அசதி. குளிரில் சுருண்டு கிடப்பவனுக்கு இதெல்லாம் அலைச்சலின் களைப்பு போலத்தான் தோன்றும். தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு அதுகூடத் தெரியாது. போதாக்குறைக்குப் பனியில் நனைந்த கூடாரத் துணி காற்றை உள்ளே விடாது. வாசலையும் கட்டியாகிவிட்டது. அந்தக் கூடாரத்துக்குள் காற்று எங்கிருந்து வரும்?

உன் பாட்டிக்கு இந்த வாயுவின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் மலையில் குளிர் காய்ந்தவர்களுக்கு விஷயம் தெரியும். குன்னூரில் எங்கள் தெருவில் டிசம்பர் வந்துவிட்டால் தகர டின்னில் நெருப்புப் போட்டு வாசலில் சுற்றி உட்காருவார்கள். தூங்கப் போகும்போது டின் வெளியிலேயே கிடக்கும். யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அந்தப் பையன்களுக்கு இதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஜனவரி இரவிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத ஜனவரி இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் உறைபனி என்றால் தலைகுந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் பேசப்படுகின்றன. பள்ளத்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் கருகும்போது மேட்டில் இருப்பது தப்பிவிடும் என்பது உங்கள் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த கணக்கு. பெரிய முகாமுக்குச் சமதளமான பெரிய மைதானம் வேண்டும். நீலகிரியில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில்தான் கிடைக்கும். ஆக, இருப்பதிலேயே குளிரான இடத்தில், குளிரே தெரியாத பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். முதல் நாள் மாலையே ஒரு பெரியவர் கூடாரம் கூடாரமாகப் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சமையல் முடிந்ததும் எல்லா அடுப்பிலும் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று பார்த்திருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன் தனியாக நின்று சண்டை போட வேண்டிய விஷயமே இல்லை இது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

தனியாக நின்றதுதான் உன்னை வாட்டுகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் உலக சாரணர் பெருந்திரளணி நடந்தது. சுமார் 43,000 பேர். கடலைத் தூர்த்து உண்டாக்கிய வெட்டவெளி, நிழலுக்கு மரம் இல்லை. கடும் வெயிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கழிப்பிட வசதியும் மோசம். 4,000 பேருக்கு மேல் வந்திருந்த பிரிட்டன் அணியின் தலைவர்கள், முகாம் பாதியில் இருக்கும்போதே தங்கள் பிள்ளைகளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாதக்கணக்கில் பணம் சேர்த்துக் கனவோடு வந்த பிள்ளைகள் அவர்கள். எத்தனை பேர் அழுதிருப்பார்கள், எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்! சில நாளில் புயல் வருகிறது என்று மீதி இருந்தவர்களையும் காலி செய்ய வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்கள் சில நேரம் அவர்களுடைய சந்தோஷத்தை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். திட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கும். நீயும் அந்த இரவில் அதைத்தான் செய்தாய், அதுவும் உன் வயதுப் பையன்களுக்கு முன்னால். அது இன்னும் கஷ்டம்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 20 பையன்கள்தான். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். பையன்களைப் பையனே பார்த்துக்கொள்வான் என்கிற அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்த இயக்கமே நிற்கிறது. ஆயிரக்கணக்கான பேர் கூடுகிற முகாமாக இருந்தாலும் ராத்திரி கூடாரத்துக்குள் இருப்பது அந்த எட்டுப் பேர்தான். மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. அணித் தலைவனுக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தது, நீ எழுந்தாய். இப்படிப்பட்டவன் விலகிப்போனால் அந்தப் படையில் அப்புறம் யார் இருப்பார்கள்? விலகாதே, தம்பி.

ஒன்று மட்டும் அடுத்த முறைக்குச் சொல்கிறேன். நெருப்பை எடுத்துவிட்டால் அதற்குப் பதிலாக வேறு சூடு கொடுக்க வேண்டும். குளிரில் நடுங்குபவனுக்குக் காரணம் காதில் ஏறாது, கம்பளிதான் வேண்டும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், தரைதான் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சும். அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், காய்ந்த புல், எது கிடைத்தாலும் பாய்க்கு அடியில் கனமாகப் போடுங்கள். படுக்கும் முன் பனியனையும் காலுறையையும் மாற்றச் சொல். பகலில் வியர்வையில் ஊறியதைப் போட்டுக்கொண்டு படுத்தால் எத்தனை போர்வை இருந்தாலும் நடுக்கம் நிற்காது. நன்றாக மூடுகிற ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு காலுறைக்குள் நுழைத்துக் காலடியில் வைத்தால் பாதி ராத்திரி வரை தாங்கும். ஒரு கடலை மிட்டாய் தின்றுவிட்டு, எட்டுப் பேரும் ஒட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தின் மேல் பக்கம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

உன் ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அதில் போட்டுக்கொடுப்பது எதுவும் இல்லை. அந்தப் பையன்களுக்குத் தண்டனை வாங்கித் தர நீ போகவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே மைதானத்துக்கு வேறு பிள்ளைகள் வருவார்கள், அவர்களுடைய முதல் மாலையில் யாராவது இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கப் போகிறாய். யார் பெயரையும் எடுக்க வேண்டாம். சட்டியையும் கங்குகளையும் கட்டியிருந்த வாசலையும் சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். தள்ளிப்போடாமல் திங்கட்கிழமையே போய்ச் சொல்லிவிடு.