மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு: இன்ஜினைப் பிரிக்கும் முன்

வணக்கம் நண்பரே. உங்கள் 1998 மாருதி 800-இன் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) வரிசையாக 165, 160, 95 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்று வந்ததாகவும், மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது, மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அளந்தார்களா? இல்லையென்றால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். குறைந்த அளவு, அதிக அளவில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். 95 அதற்கும் கீழே.

அடுத்து, மூன்றாவதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். அசையவே இல்லையென்றால், காற்றும் புகையும் போய்வர வழி திறந்து மூடும் வால்வு பக்கம் சந்தேகப்படலாம். இரண்டாவது 160 காட்டுவதால், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு குறைவு.

வால்வு என்றால் முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி) பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) முழுக்க மூடாது, கம்ப்ரஷன் அப்படியே கசியும். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் அரை மணி நேர வேலைதான். அதன் பிறகும் 95 என்றால் ஹெட்டை மட்டும் இறக்கலாம்.

ஆயில் விட்டு அளந்த எண்ணை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.