வாசகர் கேள்விகள்: கடல் விழுங்கும் கரியமில வாயுவை யார் அளக்கிறார்கள்?

கேள்வி: நாம் வெளியே விடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடல் விழுங்கிவிடுகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நடுக்கடலில் போய் அளந்தது யார்? சரக்குக் கப்பல்களில் கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன், நிஜமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நிஜம்தான். அந்தக் "கால் பங்கு" கணக்குக்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று கப்பல்களில் எடுத்த அளவுகள், அதில் கணிசமான பங்கு சாதாரண வணிகக் கப்பல்களுடையது. ஆய்வுக் கப்பலை ஒரு நாள் கடலில் ஓட்டவே பெரிய செலவு, அது இன்று ஒரு பக்கம் போனால் அடுத்த வருடம் வேறு பக்கம் போகும். சரக்குக் கப்பல் அப்படியில்லை. எப்படியும் போகத்தான் போகிறது, அதுவும் ஒரே தடத்தில், மழை, குளிர் எதையும் பார்க்காமல் திரும்பத் திரும்ப. கடல் எந்த மாதத்தில் வாயுவை இழுக்கிறது, எந்த மாதத்தில் வெளியே தள்ளுகிறது என்று தெரிய இந்தத் திரும்பத் திரும்பப் போவதுதான் வேண்டும்.

ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கார் ஏற்றிப் போன டிரான்ஸ் ஃபியூச்சர் 5, டென்மார்க்குக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ஓடிய நூகா ஆர்க்டிகா, பிரெஞ்சு கயானாவுக்கு ஏரியான் ராக்கெட் பாகங்களைச் சுமந்த கொலிப்ரி என்று இந்தப் பட்டியல் நீளும். எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ் என்ற உல்லாசக் கப்பல்கூட இதில் உண்டு.

கருவி இருக்கும் இடம் பெரும்பாலும் இன்ஜின் ரூம். கப்பலின் அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, மூடிய சின்னப் பாத்திரம் ஒன்றின் மேற்பகுதியிலிருந்து அந்தத் தண்ணீரைப் பூவாளியாகத் தெளிக்கிறார்கள். பாத்திரத்துக்குள் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். தண்ணீரில் வாயு அதிகம் இருந்தால் அது காற்றுக்குப் போகும், குறைவாக இருந்தால் காற்றிலிருந்து தண்ணீருக்கு வரும், சீக்கிரமே இரண்டும் சமநிலைக்கு வந்துவிடும். அந்தக் காற்றின் ஈரத்தை எடுத்துவிட்டு, அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சும் கருவிக்குள் செலுத்தினால் கரியமில வாயு எவ்வளவு என்று எண் வந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு அளவு, ராத்திரி பகலாக. கருவி காட்டும் அளவு பிசகாமல் இருக்க, அளவு முன்பே தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர்கள் பக்கத்திலேயே நிற்கும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவற்றையும் அளந்து சரிபார்த்துக்கொள்ளும். வெளிக் காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு இருக்கும்போது தண்ணீரில் 370 என்று வந்தால் அந்த இடத்தில் கடல் விழுங்குகிறது, 450 என்று வந்தால் கக்குகிறது. எவ்வளவு வேகத்தில் என்பது காற்று வீசும் வேகத்தைப் பொறுத்தது.

இதனால் என்ன தெரிந்தது என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாண்டா மரியா. கரீபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வாழைப்பழம் கொண்டுபோன கப்பல். ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார் 2002 முதல் 2005 வரை அதில் எடுத்த அளவுகளை, அதே தடத்தில் 1990களின் நடுவில் எடுத்தவற்றோடு வைத்துப் பார்த்தபோது, வட அட்லாண்டிக் விழுங்கும் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது! அப்புறம் இன்னும் பல கப்பல்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அது வருடத்துக்கு வருடம் நிறையவே ஏறி இறங்குகிறது என்று புரிந்தது. கடல் எப்போதும் ஒரே அளவில் நம் புகையை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை அந்த வாழைப்பழக் கப்பல்தான் அசைத்தது.

கேள்வி: செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (வாசகி, திருச்சி)

பதில்: தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கடலின் வெப்பம், நிறம், உப்பு இவற்றை அது பார்க்கும். அவற்றுக்கும் வாயு அளவுக்கும் உள்ள தொடர்பைக் கப்பல் அளவுகளிலிருந்து கற்றுக்கொண்டுதான் கணினி மற்ற இடங்களை நிரப்புகிறது. கப்பல் அளவு குறைந்தால் அந்தக் கணக்கும் தள்ளாடும்.

கேள்வி: கப்பலே புகை விடுகிறது, இன்ஜின் ரூமோ கொதிக்கிறது. அளவு கெட்டுப்போகாதா? (வாசகர், சென்னை)

பதில்: நல்ல கேள்வி. புகைக் கவலை வெளிக் காற்றை அளக்கும்போதுதான். அதற்கான குழாயைக் கப்பலின் முன்பக்கம் வைப்பார்கள், பின்னாலிருந்து காற்றடித்துப் புகை கலந்துவிட்டால் அந்த அளவுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உண்மையான தலைவலி சூடு. கோலி சோடா சூடானால் எப்படிப் பொங்குகிறதோ அதேபோல, தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினாலே வாயுவின் அழுத்தம் சுமார் 4 சதவீதம் கூடிவிடும். குழாயில் வரும் வழியில் தண்ணீர் சூடாகத்தான் செய்யும். அதனால் கடல் நீர் உள்ளே நுழையும் இடத்திலும் பாத்திரத்திலும் வெப்பத்தை மிகத் துல்லியமாக அளந்து, அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்கிறார்கள். குழாய்க்குள் பாசியும் நுண்ணுயிரும் படிந்து, அவை விடும் வாயு சேர்ந்துகொள்வதும் உண்டு, ஆகவே சுத்தம் முக்கியம்.

கேள்வி: நம் பக்கத்துக் கடல்களில் நிலைமை என்ன? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதைச் சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது. வட அட்லாண்டிக், வட பசிபிக் தடங்களில் அளவுகள் குவிந்து கிடக்கின்றன, இந்தியப் பெருங்கடலின் வரைபடத்தில் வெற்றிடங்களே அதிகம். 1990களில் சாகர் கன்யா ஆய்வுக் கப்பல் அரபிக்கடலில் அளந்ததில், அங்கே கடல் விழுங்குவதைவிடக் கக்குவதே அதிகம் என்று தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேல் தண்ணீரைத் தள்ள, ஆழத்திலிருந்து வாயு நிறைந்த தண்ணீர் மேலே வருவதுதான் காரணம். கொழும்பைத் தாண்டி இத்தனை கன்டெய்னர் கப்பல்கள் ஓடும்போது, அவற்றில் சிலவற்றிலாவது கருவி இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

உலகம் முழுக்க எடுத்த அளவுகளைச் சேர்த்துத் தரம் பார்த்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கும் சாகாட் என்ற தொகுப்பு 2011-ல் சுமார் 63 லட்சம் அளவுகளோடு தொடங்கி, 3.5 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் 2017-க்குப் பிறகு புதிதாக வருபவை குறைந்துவிட்டன. கொரோனா ஒரு காரணம், பணம் இன்னொன்று. கடல் வருடத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அதை அளக்கும் வேலை தற்காலிக நிதியை நம்பியிருப்பது சரியில்லை.

கேள்வி: மரைன் இன்ஜினீயரிங் படிக்கிறேன். இப்படிக் கருவி உள்ள கப்பலில் வேலை கிடைத்தால் நான் என்ன செய்ய முடியும்? (மாணவர், கடலூர்)

பதில்: நிறைய, தம்பி. கருவி தானாகவே ஓடும், விஞ்ஞானிகள் துறைமுகத்தில் வந்து சிலிண்டர் மாற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள், நடுவில் அதற்கு நீங்கள்தான் ஆள். துறைமுகத்தை நெருங்கும்போது சேற்றுத் தண்ணீர் உள்ளே போகாமல் பம்பை நிறுத்துங்கள், வெளியே வந்ததும் மறக்காமல் போடுங்கள். இன்ஜின் ரூமில் உங்கள் வாட்ச் (முறைப் பணி) நேரத்தில் தண்ணீர் வரத்தை ஒரு முறை பாருங்கள், குறைந்திருந்தால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, எத்தனை மணிக்குக் கழுவினீர்கள் என்று லாக் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வடிகட்டி அடைத்து யாரும் பார்க்காமல் விட்டால் அந்தப் பயணத்தின் அளவுகள் மொத்தமாகப் போய்விடும், அந்த வாரத்தின் கடலை மறுபடி அளக்க வழியில்லை.